மூன்றாம் வகுப்பில் பட்டுப்போன செடிகள்

செடி செத்ததற்கெல்லாம் துப்பறிய ஆள் வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நாகஜோதியும் முதலில் அப்படித்தான் கேட்டாள். கேட்ட வாயைப் பிறகு அவளே கடிந்துகொண்டாள், அது வேறு விஷயம்.

வளைகுடா நகரத்தின் தேராவில், கிரீக் என்கிற கடற்கழியைப் பார்த்த பழைய கட்டடம் ஒன்றின் மாடியில் விஜயபாஸ்கரின் ஆபீஸ் இருந்தது. கப்பலில் வரும் சரக்கு கெட்டுப்போனால், அது எங்கே கெட்டது, யாரால் கெட்டது என்று ஆராய்ந்து சொல்லும் சர்வேயர் அவர். குரலை உயர்த்தாத மனிதர். நனைந்த அரிசி மூட்டையின் முன்னால் அரைநாள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "இது மழைத்தண்ணி இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அவருடைய உதவியாளர் நாகஜோதி இதற்கு நேரெதிர். சிவகாசிக்காரி. அவர் ஒன்று சொல்வதற்குள் பத்து சொல்லி, பத்தும் தப்பானாலும் சளைக்காதவள்.

செவ்வாய்க்கிழமை காலை ரம்ஸியா அங்கே வந்தபோது அவளுடைய கண்கள் வீங்கியிருந்தன.

"சார், என்னைத் தெரியுதா? நான் மஹ்மூது வீட்டுல. மிளகு மூட்டை நனைஞ்ச கேஸ்ல ஸ்டோர் மேல தப்பில்லன்னு சொல்லி எங்க வீட்டுக்காரரைக் காப்பாத்தினீங்களே."

"தெரியுதும்மா, உட்காருங்க. மஹ்மூது எப்படி இருக்கார்?"

"கம்பெனியே மூடிட்டாங்க சார். விசா கேன்சல். வியாழக்கிழமை ராத்திரி ஃப்ளைட்டு, முத்துப்பேட்டைக்கே போறோம். அது எங்க தலையெழுத்து, போகட்டும். நான் வந்தது மவளுக்காக."

மகள் அஃப்னா மூன்றாம் வகுப்பு. பாடத்துக்காக ஆளுக்கொரு கப்பில் அவரை விதை போட்டு வகுப்பின் ஜன்னலோரம் வளர்த்திருக்கிறார்கள். ஊருக்குப் போகப்போகிற பிள்ளை என்று டீச்சர் அஃப்னாவைச் செடிகளுக்கு மானிட்டர் ஆக்கினார். வெள்ளிக்கிழமை மதியம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தாள். விடுமுறை கழிந்து திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் அத்தனை செடிகளும் கருகிக் கிடந்தன. ஒன்றே ஒன்றில் மட்டும் கருகலே இல்லை. அது அஃப்னாவுடையது.

"ஊரை விட்டுப் போற வயித்தெரிச்சல்ல இவதான் கொன்னுட்டான்னு கிளாசே சொல்லுது சார். உசிருக்குசிரா இருந்த சப்ரீனாவே பேச மாட்டேங்குறா. 'நான் தண்ணிதான் ஊத்தினேன்'னு இவ அழுவுறா. நேத்துலேர்ந்து ஒரு வாய் சோறு எறங்கல. இங்கேயே பொறந்த புள்ள சார். கொலைகாரிங்கிற பேரோடயா பிளேன் ஏறணும்?"

"செடி செத்ததுக்கா அக்கா..." என்று தொடங்கிய நாகஜோதி, ரம்ஸியாவின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள். கல்நெஞ்சக்காரிகூட அதற்கு மேல் பேசியிருக்க மாட்டாள்.

"நான் வரேம்மா" என்றார் விஜயபாஸ்கர்.

அன்று மாலை கராமாவில் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கூடமெல்லாம் கட்டிய அட்டைப் பெட்டிகள். மஹ்மூது ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டியபடி தலையசைத்தார். அஃப்னா அப்போதுதான் பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். முகம் வெயிலில் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள். விஜயபாஸ்கருக்கு, நாகஜோதிக்கு, அத்தாவுக்கு, உம்மாவுக்கு என்று கொடுத்தாள்.

"நீ முதல்ல குடிடா செல்லம், நாக்கு வறண்டு நிக்கிறே" என்றாள் நாகஜோதி.

"நோ ஆன்ட்டி. குடுக்குறவங்க லாஸ்ட்லதான் குடிக்கணும்."

"எங்க பழக்கம் அது. மார்க்கத்துல சொல்லியிருக்கு" என்றாள் ரம்ஸியா. "நோன்புக் கஞ்சி ஊத்தினாக்கூட எல்லாரும் குடிச்சப்புறந்தான் தன் கிண்ணத்தைத் தொடுவா."

விஜயபாஸ்கர் அந்தப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ போன பிறகு செடிக்கெல்லாம் யாரு தண்ணி ஊத்துவாங்க, அஃப்னா?"

அவள் முகம் சுருங்கியது. "அதான் அங்கிள் எனக்கும் வொரி. சப்ரீனாதான் நெக்ஸ்ட் மானிட்டர். ஆனா அவ எல்லாத்தையும் மறந்துடுவா."

வாசலில் செருப்பை மாட்டும்போது நாகஜோதி குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள். "உன் மேல தப்பே இல்லன்னு நான் நிரூபிச்சுக் காட்டுறேன் பாரு. சத்தியம்." சத்தியம் செய்ய அவளுக்கு யோசனையே தேவைப்பட்டதில்லை.

மறுநாள் பள்ளியில் அருணா டீச்சர் அவர்களை வகுப்புக்கு அழைத்துப் போனார். நல்ல மாதிரிதான், ஆனால் மனம் கசந்திருந்தார். ஜன்னலோரம் கப்புகள் வரிசையாக நின்றன. கதவருகே முதல் கப் அஃப்னாவுடையது. அடுத்து சப்ரீனாவுடையது, தீயில் வாட்டியது போலிருந்தது. அதற்கடுத்தவையும் அப்படியே. ஆனால் மறுகோடிக்குப் போகப் போகக் கருகல் குறைந்தது. கடைசியில் நின்ற விமலின் செடியில் இலை ஓரம் மட்டும்தான் பழுத்திருந்தது. விஜயபாஸ்கர் அஃப்னாவின் கப்பில் விரலை விட்டுப் பார்த்தார். செடி துவண்டிருந்தது. மண் வெடித்துக் காய்ந்து கிடந்தது.

"திங்கக்கிழமையிலேர்ந்து யாரும் எதையும் தொடலையே?"

"நான்தான் தொடக்கூடாதுன்னுட்டேன் சார், ஹெட்மிஸ்ட்ரஸ் பாக்கணும்னு."

"சார், கிளீனர்!" என்று நாகஜோதி காதில் கிசுகிசுத்தாள். "தரை தொடைக்கிற மருந்தை ஊத்தியிருப்பாங்க."

துப்புரவு வேலை பார்க்கும் வேலுச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகள் போனதும் டீச்சர் கண்ணெதிரே பூட்டிய கதவு, திங்கட்கிழமைதான் திறந்தது என்றார் அவர். டீச்சரும் ஆமாம் என்றார். நாகஜோதியின் முகம் தொங்கிப்போனது.

"வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போனீங்களா?" என்று விஜயபாஸ்கர் கேட்டார்.

"கிளாஸ் ட்ரிப் சார். அப்ரா படகுல கிரீக்கைக் கடந்தோம். அப்புறம் அலையாத்திக் காடு பார்க்கப் போனோம். அங்க இருந்த கைடு, 'இந்த மரம் உப்புத்தண்ணியைக் குடிச்சே வளரும், யாரும் தண்ணி ஊத்த வேண்டாம், இந்த வெயில்லயும் சாகாது'ன்னு சொன்னார். அஃப்னா கண்ணை எடுக்காம கேட்டா. எங்க ஊர்லயும் இந்தக் காடு இருக்குன்னு ஒரே பெருமை." டீச்சர் சற்றுத் தயங்கினார். "சொல்லக்கூடாது, ஆனா அன்னிக்கே அவ போக்கு எனக்குப் பிடிக்கலை. திரும்பி வர்றப்போ பஸ்ல, தன் பாட்டில் நிறையத் தண்ணி வச்சுக்கிட்டு, சப்ரீனா பாட்டிலை வாங்கிக் குடிக்கிறா."

விஜயபாஸ்கர் ஒவ்வொரு கப்பிலும் சிட்டிகை மண் எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாகஜோதி வழியெல்லாம் நச்சரித்தாள். "தெரிஞ்சிடுச்சுல்ல சார்? உங்க முகமே சொல்லுது. யாரு சார்?"

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்றேன். அந்தப் பிள்ளை பேரை எல்லார் முன்னாலயுந்தானே கெடுத்தாங்க?"

முடிச்சை எல்லோரையும் கூட்டி வைத்துத்தான் அவிழ்ப்பார். இத்தனை வருஷத் தொழிலில் ஊறிப்போன பழக்கம் அது. பாழாய்ப்போன அந்தப் பழக்கத்தை அன்று ஒரு நாளாவது விட்டிருக்கலாம்!

வியாழக்கிழமை காலை. பிள்ளைகள், டீச்சர், கதவோரம் ரம்ஸியா. அஃப்னாவின் பக்கத்து இடம் காலியாக இருந்தது. சப்ரீனா வேறு பெஞ்சுக்கு மாறியிருந்தாள்.

விஜயபாஸ்கர் மேஜைமேல் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வைத்தார். "இது சப்ரீனா செடியோட மண்ணைக் கரைச்ச தண்ணி. இது அஃப்னாவோடது. கடல்தண்ணி பட்டிருந்தா இந்த மருந்துல பால் மாதிரி வெளுக்கும்." ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டார். முதலாவது குபீரென்று வெளுத்தது. இரண்டாவது ஏறக்குறையத் தெளிவாகவே நின்றது. பிள்ளைகள் "வாவ்" என்றார்கள்.

"ஆக, செடிகளைக் கொன்னது உப்பு. பூட்டின ரூமுக்குள்ள வேற யாரும் வரலை. ஊத்தினது அஃப்னாதான்."

நாகஜோதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'நான் சொன்னேன்ல!' என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பொறுங்க. ட்ரிப்புல இவ பாட்டில் நிறைய இருந்துச்சு, ஆனா இவ ஃப்ரெண்டுகிட்ட வாங்கிக் குடிச்சா. ஏன்? பாட்டில்ல இருந்தது குடிக்கிற தண்ணி இல்ல. அலையாத்திக் காட்டுத் தண்ணி. அந்தத் தண்ணியாலதான் மரம் சாகாம இருக்குன்னு இவ புரிஞ்சுக்கிட்டா. இவ போன பிறகு யாராவது தண்ணி ஊத்த மறந்தாலும் உங்க செடி சாகக்கூடாது. அதுக்காகத் தாகத்தோட சுமந்துக்கிட்டு வந்தா."

சப்ரீனா திரும்பி அஃப்னாவைப் பார்த்தாள்.

"அப்ப இவ செடி மட்டும் எப்படிப் பிழைச்சது? காப்பாத்தணும்னு நினைச்சிருந்தா அதுக்குக் குழாய்த் தண்ணி ஊத்தியிருப்பா. அதுவும் ஊத்தலை, மண்ணு காஞ்சு வெடிச்சிருந்துச்சு. வரிசைல முதல் கப் இவளோடது. அதைத் தாண்டி, சப்ரீனாவுக்கு முதல்ல தாராளமா ஊத்தினா. விமல் கிட்ட வர்றப்போ பாட்டில் காலி, அதான் அது அதிகம் கருகலை. இவ வீட்டுல ஒரு பழக்கம் இருக்கு. தண்ணி குடுக்குறவங்க கடைசியாத்தான் குடிக்கணும். தன் செடிக்குக் கடைசியா ஊத்தலாம்னு வச்சிருந்தா. மிச்சமே இல்லை. இவ செடி பிழைச்சதுக்குக் காரணம், தன்னை விட உங்களை..."

மேலே நாகஜோதிக்கு எதுவும் காதில் விழவில்லை. அவள் அஃப்னாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிதர் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிறார், இந்தப் பிள்ளையைப் பார்க்கவேயில்லையே! உப்பு என்றபோது அஃப்னா விழித்தாள். அலையாத்தி என்றபோது வாய் திறந்தது. சப்ரீனாவுக்கு முதல்ல என்றபோது அந்தச் சின்ன முகத்திலிருந்து ரத்தமே வடிந்துபோயிற்று. இந்த நிமிஷம் வரை தான் செய்யவில்லை என்று முழுமனதோடு நம்பியிருந்தவள் அவள்.

"சார், போதும்" என்று நாகஜோதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "போதும் சார்!"

விஜயபாஸ்கர் திரும்பினார். அப்போதுதான் பார்த்தார்.

"அங்கிள்," என்று எழுந்து நின்றாள் அஃப்னா, "அப்போ நான்தானா கொன்னேன்?"

கப்பல் கம்பெனி வக்கீல்களையெல்லாம் வாயடைக்க வைத்தவர் அவள் முன்னால் குனிந்தார். "தெரியாமத்தானேடா..." என்றார். ரம்ஸியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். நாகஜோதி, என்ன சத்தியம் பண்ணினேன், என்ன கொண்டுவந்து கொடுத்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அஃப்னா பெஞ்சை விட்டு வெளியே வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று, "சாரி. உன் பிளான்ட்டுக்கு சாரி" என்று சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளைகள் பதறிப்போய், "இல்ல, நாங்கதான் சாரி" என்றார்கள். அது எதுவும் அவளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. விமல் விசும்பினான். தலையைக் குனிந்து நின்ற அருணா டீச்சரின் கண்ணீர் மேஜைமேல் சொட்டியது.

சப்ரீனாவிடம் வந்தபோது அஃப்னா வாய் திறக்கும் முன்பே சப்ரீனா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அப்படியே தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சண்டை தீர்ந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து சொன்னாள்: "டோன்ட் க்ரை அஃப்னா. மண்டே புதுசா சீட்ஸ் போடலாம். நீயே மானிட்டரா இரு. நான் உன் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன். ஓகேவா?"

ரம்ஸியா கண்களை மூடிக்கொண்டாள்.

அஃப்னா தோழியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்றிரவு ஃப்ளைட் என்பதை அவள் சொல்லவில்லை.

"ஓகே" என்றாள்.