முதுகில் ஒரு வீரய்யா!

"ஐயோ... என்னங்க!"

சுந்தரியின் அலறல் அம்பிட்டிய வீதியின் கடைசி வீடு வரை கேட்டது.

கேட்டுக்குப் பக்கத்தில் அவள் கணவர் வீரய்யா கிடந்தார். கண்டி மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மார்பில் இரண்டு ஓட்டை! மோட்டார் சைக்கிளில் வந்து சுட்ட இருவரும், அவர் விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்திருந்தார்கள்.

மகன் யுகேஷ் முழங்காலில் ஐஸ் பையோடு நொண்டிக்கொண்டே ஓடி வந்தான். ஆறரை அடி உயரம். மாலைதீவு, மலேசியா என்று கூடைப்பந்து ஆடி, இப்போது ஐரோப்பாவில் ஒரு சின்ன லீக்கில் சம்பளத்துக்கு ஆடுகிறவன். சீசன் முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான்.

அப்பாவைப் பார்த்தான்.

அழுகை வரவில்லை!

ஐஸ் வைத்த முழங்கால் மாதிரி உள்ளே எல்லாமே மரத்துப் போயிருந்தது.

*

இன்ஸ்பெக்டர் சாஹுல் ஹமீது கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஒங்கட அப்பாவுக்கு எதிரி யாரும்?"

"இல்ல சார்."

"காணிப் பிரச்சினை?"

"காணியே இல்ல சார்."

"வந்தவங்க என்ன கேட்டாங்க?"

சுவரில் சாய்ந்திருந்த சுந்தரி சொன்னாள்.

"'வீரய்யா இருக்காரா'ன்னு சிங்களத்துல கேட்டாங்க. 'நான்தான்'னு சிரிச்சுக்கிட்டே போனாரு சார்..."

இன்ஸ்பெக்டரின் பார்வை சுவரில் இருந்த பெரிய போட்டோவில் நின்றது. கூடையை நோக்கித் தாவும் யுகேஷ். முதுகு மட்டும் தெரிந்தது.

"இது நீங்களா? ஜெர்சியில 'வீரய்யா'ன்னு போட்டிருக்கு?"

"அங்க குடும்பப் பேரைத்தான் போடுவாங்க சார். நமக்கு ஏது குடும்பப் பேரு? பாஸ்போட்ல அப்பா பேரு இருந்துச்சு. அதையே அடிச்சுட்டாங்க."

"யுகேஷ்னு கூப்பிட மாட்டாங்களா?"

"கோச், கமெண்ட்ரி, எல்லாருக்கும் நான் வீரய்யாதான். அப்பாவுக்கு அதுல பெருமை சார். மேட்ச் பார்க்கிறப்ப, 'எனக்குத்தான்டா கை தட்டுறானுங்க'ன்னு..."

சட்டென்று நிறுத்தினான்.

இன்ஸ்பெக்டரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி... அங்க யாரோடயாவது பிரச்சினையா?"

"ஒரு சூதாட்டக் கும்பல் தோத்துக் குடுக்கச் சொன்னாங்க. நான் லீக்ல சொல்லிட்டேன். வர்ற வாரம் விசாரணை. நான் மட்டும்தான் சாட்சி."

"அப்ப அந்தக் குண்டு ஒங்களுக்கு!"

சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாரோ பஸ் நேரம் சொன்ன மாதிரி யுகேஷ் தலையை ஆட்டினான்.

"கூலிக்கு வந்தவனுக்குப் பேரும் விலாசமும்தான் தெரியும். ஆள் மாறினது தெரிஞ்சா... திரும்ப வருவான்!" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வரட்டும் சார்."

"மடத்தனமா பேசாதீங்க! இந்த வீட்டு விலாசம் யாருக்கெல்லாம் தெரியும்?"

"டீமுக்குத் தெரியும். லீக்குக்குத் தெரியும். கொழும்புல என் மனேஜர் தினுஷன் இருக்காரு, அவருக்கும் தெரியும்."

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"சாவு வீட்டு வெள்ளைக் கொடி மட்டும் கட்டுங்க. பேர் போட்ட பேனர் வேணாம். மரண அறிவித்தல் வேணாம். பத்திரிகைக்காரங்களுக்கு நானும் வாய் திறக்க மாட்டேன். நீங்க போனை நிப்பாட்டிட்டு உள் அறையிலயே இருங்க. செத்தது யாருன்னு இந்தத் தெருவைத் தாண்டிப் போகக் கூடாது!"

*

மறுநாள் காலை. கொடிகள் மழையில் நனைந்து தொங்கின.

கேட்டுக்கு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினான் தினுஷன். கையில் மலர்வளையம். வாசலிலேயே சுந்தரியின் காலடியில் விழுந்தான்.

"அம்மா... இந்த வயசுல புள்ளைய வாரிக் குடுத்துட்டீங்களே!"

சுந்தரி மலர்வளையத்து ரிப்பனையே பார்த்தாள். தங்க எழுத்துக்கள்...

'எங்கள் யுகேஷுக்கு இறுதி வணக்கம்.'

உள் அறைக் கதவு திறந்தது. நிலையில் தலை இடிக்காமல் குனிந்து யுகேஷ் வெளியே வந்தான்.

"வாங்க தினுஷன்."

மலர்வளையம் கீழே விழுந்தது!

"யுகேஷ்... நீ... நீயா?"

"ஏன், நான் இருக்கக் கூடாதா?"

"இல்ல... வெள்ளைக் கொடியப் பார்த்து நான்..."

சாவுக்கு வந்தவர்களோடு சாதாரண வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த சாஹுல் ஹமீது எழுந்து வந்தார்.

"கொடியப் பார்த்தது இப்ப. பூ கட்டினது கொழும்புல!"

தினுஷனின் முகம் வெளிறியது.

"மிரட்டினாங்க சார்... பேரும் விலாசமும் மட்டும்தான் குடுத்தேன்... 'வீரய்யா முடிஞ்சான்'னு நேத்து போன் வந்திச்சு..."

யுகேஷ் அவனையே பார்த்தான். கோபம் வர வேண்டும். வரவில்லை. அடிக்கக்கூடத் தோன்றவில்லை. அப்பா இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

"விசாரணைக்கு நான் போவேன்," என்றான். "அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. எந்திரிச்சு நிப்பேன்."

இன்ஸ்பெக்டர் தினுஷனின் கையில் விலங்கை மாட்டினார்.

"என்ன மனேஜர் நீங்க! சுடுறவனுக்கு ஒரு பேரு, பூக்கடைக்கு ஒரு பேரு... ரெண்டு இடத்துலயும் ஒரே பேரைக் குடுத்திருந்தா, இன்னைக்கு நிம்மதியா ஒப்பாரி வெச்சிட்டுப் போயிருக்கலாமே!"