அடைத்துக்கொண்ட வடிகட்டி

மாடிப்படியில் இரண்டு குரல்கள் சண்டை போட்டுக்கொண்டே ஏறி வந்தன. வில்சன் எழுந்து கதவைத் திறப்பதற்குள் இரண்டும் உள்ளே வந்துவிட்டன.

"நான் பவுடர் போட்டேனா இல்லியான்னு அல்லாவுக்குத் தெரியும்மா. என்னைப் பார்த்து மறந்துட்டியான்னு கேக்குறியே!"

"பாய், நான் குத்தம் சொல்லலை. கேட்டேன், அவ்ளோதான்."

"கேக்குறதே குத்தம் சொல்ற மாதிரிதான் கீது!"

ஆளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள் எல்சி. கப்பலில் வரும் சரக்கு எப்படிக் கெட்டது என்று கண்டுபிடித்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக்கொடுத்தவள் அவள். இப்போது ராயபுரத்தில் வலைக்கடைக்கு மேல் இந்த அறையை எடுத்து, கெட்டுப்போன மற்ற விஷயங்களையும் பார்க்கிறாள். அவள் அவசரப்பட்டு யாரும் கண்டதில்லை. அவளுக்கும் சேர்த்து அவசரப்பட வில்சன் இருந்தான். துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணிக்கொண்டிருந்தவன். இப்போது அவளுடைய பைக் ஓட்டி, துணை, சில சமயம் தொந்தரவு.

"ஒருத்தர் பேசுங்க," என்றாள் எல்சி.

அந்தப் பெண் பேசினாள். பெயர் மெஹ்னாஸ். திருவொற்றியூரில் ரயில் பாதையோரம் ஒரு பழைய ஷெட்டில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறாள். கூட வந்தவர் மஜீது பாய், பழைய வண்ணாரப்பேட்டையில் ஆட்டிறைச்சிக் கடை.

"டயாலிசிஸ் மிஷின் பார்த்திருப்பீங்க, மேடம். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணித் திருப்பி அனுப்பும். அந்த வேலையைச் செய்யற வடிகட்டி ஒண்ணை நாங்க விரல் நீளத்துக்குக் கொண்டு வந்திருக்கோம். இடுப்புல கட்டிக்கிட்டு வேலைக்கே போகலாம். சுத்தமான ரத்தம் திரும்பிப் போறப்ப அதுகூட உறுப்பைத் திரும்ப வளர்க்கற ஸ்டெம் செல்லும் போகும். கெட்டுப்போன சிறுநீரகத்துல மட்டும் ஒட்டற மாதிரி அதுக்கு ஒரு பூச்சு. ஒட்டாம சுத்தறதை வடிகட்டியே திரும்பப் பிடிச்சுடும்."

"அட்ரஸ் எழுதின பார்சல்," என்றான் வில்சன். "ஆள் இல்லைன்னா ரிட்டர்ன்."

"அப்படித்தான்." அவள் முகம் ஒரு கணம் இளகியது. "நேத்து நிபுணர் குழு முன்னாடி ஓட்டிக் காட்டினோம். ஆட்டு ரத்தம், ஆட்டுச் சிறுநீரகம். ரெண்டும் பாய் கடையிலேர்ந்து வந்தது. ஓட ஆரம்பிச்சதுமே வடிகட்டி அடைச்சுக்கிச்சு. குழாய் வெடிச்சு ஒருத்தர் சட்டையெல்லாம் ரத்தம். இன்னிக்கு நாலு மணிக்குத் திரும்ப வராங்க. காரணத்தைச் சொல்லி ஓட்டிக் காட்டலைன்னா வேலைக்கு ஆகாதுன்னு எழுதி மூடிடுவாங்க."

"இன்னொரு வடிகட்டி இருக்கா?"

"புதுசு ஒண்ணுதான் செஞ்சோம், அது போச்சு. பழசு ஒண்ணு இருக்கு. பல தடவை ஓடினது, தாங்குமான்னு தெரியாது." அவள் துப்பட்டா நுனியை முறுக்கினாள். "என் தம்பி ஜீஷான் வாரத்துல மூணு நாள் மிஷின்ல படுக்கறான். இது முதல்ல அவனுக்குத்தான்."

எல்சி பாய் பக்கம் திரும்பினாள்.

"ரத்தத்தை எப்படிப் பிடிப்பீங்க?"

"இந்தப் பொண்ணு குடுத்த பாட்டில்ல பவுடரைப் போட்டு, கழுத்தாண்ட புடிச்சு, ஆட்டிக்கினே இருப்பேன். அப்பத்தான் உறையாது. நம்ம கடைல ரத்தம் விக்கிறதில்லம்மா. நமக்கு ஆகாது. தண்ணி ஊத்திக் கழுவி வுட்டுடுவோம். படிப்புக்குன்னு கேட்டுச்சேன்னு புடிச்சுத் தரேன். இப்ப நான் பவுடர் போடலைன்னு பேரு. நல்லா கீது நியாயம்!"

"இன்னொரு பாட்டில் பிடிக்க முடியுமா?"

"ஆடு கீது. அறுத்துடலாம்."

"பிடிச்சு நீங்களே ஷெட்டுக்குக் கொண்டு வாங்க, பாய். யார் கையிலயும் குடுக்காதீங்க."

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நின்றன. வில்சன் பைக்கை இடுக்குகளில் நுழைத்தான்.

"அக்கா, பாட்டிலை எடுத்து வந்தது யாருன்னு கேட்டீங்களா?"

"உமைமான்னு ஒரு பொண்ணு. ஸ்கூட்டர்ல."

"அப்ப அவதான்!"

"லாரியைப் பாருடா."

ஷெட்டுக்குள் மருந்து வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்திருந்தன. பக்கத்து ஷெட்டில் மீன் காய்ந்துகொண்டிருந்தது. உமைமா ஒல்லியான பெண். நின்ற இடத்தில் நிற்காமல் பேசினாள். பாயிடம் பாட்டிலை வாங்கி நேராக வந்ததாகவும், ஃபிரிட்ஜில் வைத்ததாகவும், பிறகு செல்களைத் தயார் செய்ய உள்ளறைக்குப் போய்விட்டதாகவும் சொன்னாள். மெஹ்னாஸ் அப்போது நிபுணர் குழுவை அழைத்துவரப் போயிருந்தாள். மூன்றாவது ஆள் கருணாகரன். பம்பையும் குழாய்களையும் வடிவமைத்தவர்; மெஹ்னாஸோடு இதை ஆரம்பித்தவர். நெற்றியில் மெல்லிய விபூதி. எதையும் யோசித்துத்தான் பேசினார்.

"ரத்தத்தை ஊத்தினது, வடிகட்டியை மாட்டினது ரெண்டும் நான்தான்," என்றார். "பாய் பவுடர் போட மறந்திருக்கணும். வேற காரணம் தெரியலை."

அடைத்துக்கொண்ட வடிகட்டி ஒரு தட்டில் கிடந்தது. எல்சி கையுறை போட்டு அதை எடுத்தாள். உள்ளே முடி போன்ற இழைகள் ரத்தக்கட்டிகளில் ஒட்டிக்கிடந்தன. அவள் அவற்றை அதிகம் பார்க்கவில்லை. குழாயோடு திருகுகிற வாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கே மரை தேய்ந்து மழுங்கியிருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"மிச்ச ரத்தம் இருக்கா?"

"நான் டெஸ்ட் பண்ணிட்டேன், மேடம்," என்று உமைமா ஓடிவந்தாள். "மெஹ்னாஸ் அக்காகிட்ட சொல்ல வந்தேன், அவங்க பாயோட சண்டையில இருந்தாங்க. அதுல பவுடர் இருக்கு. ஆனா பாதிதான் இருக்கு. கூடவே உப்பு எக்கச்சக்கமா இருக்கு. சமையல் உப்பு. பவுடர்லேர்ந்து அது வராது."

"பொரியல் உப்பு!" என்றான் வில்சன்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"ரத்தப் பொரியலுக்கு வாங்கினா கடைக்காரரே ஏனத்துல உப்பைப் போட்டுத்தான் புடிப்பாரு. நல்லா உறையும். எங்க வூட்ல ஞாயித்துக்கிழமைன்னா அதான்."

"இவர் சாப்பாட்டுல போய் நிக்கறாரு," என்றாள் உமைமா. "பசிச்சா பிரியாணி வாங்கிட்டு வரவா? கருணாகரன் சார் இல்லாத நேரமா சாப்பிடணும். முட்டை வாசனைக்கே எழுந்து ஓடிடுவாரு."

கருணாகரன் சிரிக்கவில்லை. எல்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "வில்சா, நீ பொரியலுக்கு வாங்கற கடைக்குப் போகலாம்."

வார நாளில் ரத்தம் கிடைக்கிற கடைகள் அந்தப் பக்கம் குறைவு. முதல் கடை மூடியிருந்தது. இரண்டாவதில் கோழி மட்டும். மூன்றாவது, காசிமேடு போகும் வழியில் சிலுவைமுத்துவின் கடை. அவர் குடலைக் கழுவிக்கொண்டே நிமிர்ந்தார்.

"இன்னாபா வில்சன், வியாழக்கிழமையே நாக்கு கேக்குதா?"

"நேத்து காலைல யாராச்சும் ரத்தம் வாங்கினாங்களா, மாமு?"

"ஒருத்தரு வந்தாரு. அப்பிடி ஒரு கிராக்கிய நான் பார்த்ததில்ல. ரத்தம் மட்டும் வேணும்னாரு. ஈரல் தரவா, குடல் தரவான்னேன். அய்யோன்னுட்டாரு. மூஞ்சியத் திருப்பிக்கினு, கைக்குட்டைய மூக்குல வெச்சிக்கினு நின்னாரு. உப்பு போட்டு கவர்ல கட்டிக் குடுத்தேன். குழந்தையோட அழுக்கு டயப்பரைப் புடிக்கிற மாதிரி ரெண்டு விரல்ல புடிச்சிக்கினு போனாரு. யாருக்கோ வைத்தியம்னு நெனச்சேன்."

வில்சனுக்குக் கால்கள் தரையில் நிற்கவில்லை. "அக்கா, சொல்லிடலாம் வாங்க!"

"இன்னும் ஒரு பெட்டியைத் திறக்கணும்," என்றாள் எல்சி.

திரும்பி வரும்போது சாலை இன்னும் மோசமாகியிருந்தது. ஒரு டிரெய்லர் குறுக்கே நின்றது. வில்சன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஷெட்டை அடைந்தபோது நாலாகக் கொஞ்ச நேரமே இருந்தது. பாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் நெருங்கவிடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"பழைய வடிகட்டியை எடும்மா," என்றாள் எல்சி.

மெஹ்னாஸ் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடிமேல் 'பழையது' என்று எழுதியிருந்தது. திறந்தாள். நீரில் மூழ்கிக்கிடந்த வடிகட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் கை அப்படியே நின்றது.

"இது புதுசு."

"ஆமாம். மரை பளபளன்னு இருக்கு. நேத்து அடைச்சதுலதான் மரை தேய்ஞ்சிருந்தது." எல்சி ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை. "ரத்தத்துல சமையல் உப்பு. பாய் கடைல ரத்தம் விக்கறதே இல்லை. அதுக்கு உப்பு எடுத்து வைக்க வேண்டிய வேலையும் இல்லை. அப்ப அந்த உப்பு வேற கடையிலேர்ந்து வந்தது. பாதிப் பவுடர் இருந்ததே, அது பாயோட ரத்தம். அதுல பாதியைக் கொட்டிட்டு, உறையற ரத்தத்தைக் கலந்திருக்காங்க. பார்க்கறவங்களுக்கு பாய் பவுடரைக் குறைச்சலாப் போட்ட மாதிரி தோணும்."

"பார்த்தியாம்மா?" என்றார் பாய் மெஹ்னாஸிடம்.

"இருங்க பாய். ரத்தம் வாங்கிப் பொரிக்கற வீட்டு ஆளா இருந்தா, உப்பு காட்டிக் குடுத்துடும்னு, போடாதேன்னு சொல்லி வாங்கியிருப்பாங்க. வில்சனா இருந்தா சொல்லியிருப்பான். வாங்கினவருக்கு அது தெரியலை. ஆனா அது இங்க மூணு பேருக்குமே பொருந்தும். உங்க யார் வீட்லயும் ரத்தம் பொரிக்கறதில்லை, கடைக்கு ஒரு ஆளை அனுப்பியும் வாங்கியிருக்கலாம். அதனால வடிகட்டியைப் பார்த்தேன்."

அவள் இரண்டு வடிகட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"கப்பலை வேணும்னே மூழ்கடிக்கறவங்க நல்ல சரக்கை முன்னாடியே இறக்கிடுவாங்க. நான் நிறையப் பார்த்திருக்கேன். இங்கயும் அதான். இதைக் கெடுத்தவர் இது தோக்கணும்னு நினைச்சார், அழியணும்னு நினைக்கலை. புதுசைப் பத்திரப்படுத்திட்டு, பழசைப் பலி குடுத்திருக்கார். டப்பாவை உமைமாவும் மாத்தியிருக்கலாம். ஆனா தேய்ஞ்ச மரையைத் திருகறப்ப வழுக்கும். தினம் திருகற கை அதை உடனே கண்டுபிடிச்சிருக்கும். மாட்டினவர் ஒண்ணும் சொல்லலை."

கருணாகரன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ரத்தம் குடுத்த கடைக்காரரை வரச்சொல்லவா, சார்?" என்றான் வில்சன்.

"வேண்டாம்." அவர் மெஹ்னாஸை மட்டும் பார்த்தார். "எத்தனை தடவை சொன்னேன் உன்கிட்ட? சிறுநீரகத்தை மட்டும் வெச்சு ஓட்டினா செல் எல்லாம் அங்கதான் ஒட்டும். வேற போக இடம் ஏது? உடம்புக்குள்ள நுரையீரல் இருக்கு, ஈரல் இருக்கு. பூச்சு சரியா ஏறாத செல் நேரா நெஞ்சுக்குப் போய் அடைக்கும். வடிகட்டி வரைக்கும் திரும்பி வரவே வராது. நேத்து நல்லா ஓடியிருந்தா அடுத்தது ஜீஷான்னு நீ நாள் குறிச்சுட்டே."

"முதல்ல உயிருள்ள விலங்குல பார்க்கலாம்னு சொன்னே. அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம்," என்றாள் மெஹ்னாஸ். "அவனுக்கு அவ்ளோ நாள் இருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவன் எனக்கும் தோஸ்துதான், மெஹ்னாஸ். நாம போட்டு அவன் போயிட்டான்னா?"

பக்கத்து ஷெட்டில் யாரோ கருவாட்டைத் தட்டிக் கொட்டும் சத்தம் கேட்டது.

"அதுக்கு என் கடை மேல பழி போடுவியா, நைனா?" என்றார் பாய்.

"தப்புதான் பாய்."

"கலீஜ் வேலை. என்னாண்ட வந்து சொல்லியிருந்தா நானே பவுடர் போடாம குடுத்திருப்பேன்."

வெளியே கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தப்பட்டன. உமைமா செல் இருந்த சின்னக் குப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி மெஹ்னாஸின் முகத்தையே பார்த்தாள். வில்சன் எல்சியைப் பார்த்தான். எல்சி ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். செல்லை ஓட்டுவதா வேண்டாமா என்பது அவள் சொல்ல வேண்டியதல்ல.

மெஹ்னாஸ் புது வடிகட்டியைக் கருணாகரனிடம் நீட்டினாள்.

"நீயே மாட்டு."

"செல் போடற அறையை நிரப்பவா?"

அவள் உமைமாவின் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள்.

"காலியா விடு. நேத்து ஏன் வெடிச்சுதுன்னு அவங்க கேப்பாங்க. அதை நீ சொல்லு. செல்லைப் பத்திக் கேட்டா நான் சொல்றேன்."

குழுவினர் உள்ளே வந்தார்கள். பாய் பாட்டிலைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். கருணாகரன் குழாயில் காற்றுக் குமிழிகளைச் சுண்டி வெளியேற்றி, பம்பை ஓடவிட்டு, நேற்று தான் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ரத்தம் வடிகட்டிக்குள் ஏறி, நிற்காமல் மறுபக்கம் இறங்கியது. அழுத்தமானியின் முள் ஏறவில்லை.

மெஹ்னாஸின் போன் அடித்தது. அவள் வாசலுக்கு வந்தாள். அங்கே நின்றிருந்த வில்சன் நகர இடமில்லாமல் நின்றான்.

"ஓடுதுடா," என்றாள் போனில். "பாதி ஓடுது... ரத்தத்தைக் கழுவற பாதி."

மறுமுனையில் ஜீஷான் ஏதோ கேட்டான். ஒரு டிரெய்லர் கடந்துபோகும் வரை அவள் காத்திருந்தாள்.

"இல்லை. அது இப்ப இல்லை... இல்லடா, என் தப்புதான், நான் அவசரப்பட்டேன். நாளைக்கு நீ மிஷினுக்குப் போ. நானும் கூட வரேன்."