மிர்கோ கொண்டுவந்த துப்பாக்கி

நிக்ஷிச் நகருக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த பழைய கல்வீட்டின் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். ஹாரன் சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடின. வுகோட்டா கதவைச் சாத்திவிட்டு, முறைப்படி குறுக்கே நின்றுகொண்டான். அப்பா அம்மா போனபின் தங்கை ஸ்டானாவை வளர்த்தவன் அவன். இன்று அவளைக் கைப்பிடித்து அழைத்துவந்து கொடுக்க வேண்டியவனும் அவன்தான். ஆனால் அதற்கு முன் முற்றத்து மரத்தின் உச்சியில் கட்டியிருந்த ஆப்பிளை மாப்பிள்ளை சுட்டு வீழ்த்தியாக வேண்டும். ஆப்பிள் விழாமல் அந்த மலையில் எந்தப் பெண்ணும் புகுந்த வீட்டுக்குப் போனதில்லை.

மாப்பிள்ளை மிர்கோ இடுப்புக் கச்சையிலிருந்து துப்பாக்கியை உருவினான். ராஜா காலத்துப் பட்டாளத்து ரிவால்வர், அவன் தாத்தாவுடையது. நீண்ட குழல், மஞ்சளேறிய தந்தப் பிடி. குறிபார்த்து விசையை அழுத்தினான்.

சத்தமில்லை. மறுபடி அழுத்தினான். விசை பாதி வழியில் நின்றுவிட்டது.

"என்ன மாப்ள, அதுவா பழுத்து விழட்டும்னு காத்திருக்கியா?" என்று பெண் வீட்டுக் கூட்டத்தில் ஒருவன் கேட்டான். அக்கார்டியன்காரன் வேண்டுமென்றே ஒப்பாரி மெட்டு ஒன்றை இழுத்தான்.

மிர்கோவின் காது மடல் சிவந்துவிட்டது. "நேத்து வீட்ல தோட்டா இல்லாம அழுத்திப் பார்த்தேன் மச்சான். வெண்ணெய் மாதிரி போச்சு."

"வேற துப்பாக்கியே இல்லையா?" என்று கேட்டான் வுகோட்டா.

"நீட்டுன துப்பாக்கியாலதான் சுடணும்," என்றார் மிர்கோவின் அப்பா நோவிட்சா. "மாத்தினா எங்க மானம் கப்பலேறிடும்."

துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் வுகோட்டாவுக்குத் தொழில். "குடு, பார்க்கிறேன்," என்று வாங்கிக்கொண்டு பின்கட்டில் இருந்த பட்டறைக்குப் போனான்.

எண்ணெய் வாடையும் இரும்பு வாடையும் கலந்த இருட்டறை அது. தோட்டாக்களை எடுத்துவிட்டு அழுத்தினான். தோட்டாவை அடிக்கும் சுத்தி எழுந்து விழுந்தது. ஒரு குறையும் இல்லை. பக்கத் தகட்டைக் கழற்றினான். ஸ்பிரிங் சரி, கொக்கி சரி, துரு இல்லை, பிசுக்கு இல்லை. தோட்டாவின் அடிப்பாகம் தடித்திருந்தால் தோட்டா உருளை உரசி நிற்கும். அளந்து பார்த்தான், உரசவில்லை. வெடித்த காலித் தோட்டாக்களைப் போட்டு அழுத்தினான். ஓடியது.

நிஜத் தோட்டா ஒன்றைப் போட்டு, குழலை மணல்பெட்டியில் புதைத்து அழுத்தினான்.

நின்றுவிட்டது.

இரும்பு இரும்பில் முட்டினால் டக்கென்று நிற்கும். இருபது வருஷமாக அந்த முட்டலை அவன் விரல் அறியும். இது அப்படி நிற்கவில்லை. கொஞ்சம் அமுங்கி, பிறகு எதிர்த்து நின்றது. எதிர்ப்பில் லேசான நடுக்கம்கூட இருந்தது.

விசைக்குப் பின்னால் இருந்த இடைவெளியைச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். காலி. அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

சுண்டுவிரலை உள்ளே விட்டான்.

ஏதோ குளிர்ந்தது தொட்டது. அதில் நகம் இருந்தது.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அண்ணா," என்று ஸ்டானா கதவில் எட்டிப் பார்த்தாள். தலையில் முக்காடு, கையில் பூங்கொத்து. "இன்னும் எவ்வளவு நேரம்? இப்படியே போனா நானே மரத்துல ஏறிப் பறிச்சுப் போட்டுடுவேன்."

"போ, வந்துட்டேன்."

"அவன் முகத்தைப் பார்க்க முடியலைண்ணா. பாவமா இருக்கு."

அவள் சிரித்தாலும் கண் கலங்கியிருந்தது. தங்கையின் கல்யாணம் தன் பட்டறையில் வந்து நிற்பதை அவனால் தாங்க முடியவில்லை. அவள் போனதும் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு விரல்களை விசையில் மாட்டி, உடம்பின் பலம் முழுவதையும் போட்டு இழுத்தான்.

பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

விசை பின்னால் வந்தது. பாய்ந்த சுத்தியைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டான்.

காதருகே ஒரு பெண் வலியை விழுங்குவது கேட்டது. திரும்பிப் பார்த்தான். யாருமில்லை.

துப்பாக்கியைக் கொண்டுபோய் மிர்கோவிடம் கொடுத்தான். மிர்கோ தோட்டாக்களை நிரப்பிச் சுட்டான். முதல் குண்டிலேயே ஆப்பிள் சிதறி விழுந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நோவிட்சா ஒரு குவளை ரகியா சாராயத்தை வுகோட்டாவின் கையில் திணித்தார்.

"பெரிய ஆளுதான் தம்பி நீ. எங்கப்பாவோட மொத சம்சாரம் செத்த நாள்லேர்ந்து இது வெடிச்சதே கிடையாது. நேத்து விசை நல்லா ஓடினதும் சரியாயிடுச்சுன்னு நெனச்சோம்."

"அவங்க எப்படிச் செத்தாங்க?"

"புதுப்பொண்ணு. துப்பாக்கி துடைக்கும்போது தவறுதலா வெடிச்சிடுச்சுன்னு எங்கப்பா சொன்னார்." நோவிட்சா குரலைத் தாழ்த்தினார். "குளிப்பாட்டின பொம்பளைங்க வேற மாதிரி பேசிக்கிட்டாங்க. வலது ஆள்காட்டி விரல்ல விசையோட தடம் ஆழமாப் பதிஞ்சிருந்துச்சாம், விசைக்குப் பின்னால விரலை விட்ட மாதிரி. அப்பா எந்நேரமும் புகையிலைச் சுருட்டும் வாயுமா இருப்பார், கொஞ்சம் சந்தேக புத்தி. விடு, நல்ல நாள்ல எதுக்கு அது?"

வுகோட்டா குவளையைக் கீழே வைத்தான். புருஷன் அழுத்த, அவள் விசைக்குப் பின்னாலிருந்து விரலைக் கொடுத்துத் தடுத்திருக்கிறாள். செத்த பிறகும் அந்த விரலை அவள் எடுக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த வீட்டுப் பெண்களை அவள்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

அதை அவன் ஒடித்துவிட்டான்.

மிர்கோ துப்பாக்கியைக் கச்சையில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அடுத்து பெண்ணுக்கு விலை பேசும் சடங்கு. அண்ணன் கேட்டதைக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். மிர்கோ சிரித்தபடி ஒரு கவரை நீட்டினான்.

"பணம் வேண்டாம்," என்றான் வுகோட்டா. "அந்தத் துப்பாக்கி வேணும்."

அக்கார்டியன் நின்றது.

"விளையாடாதே தம்பி," என்றார் நோவிட்சா. "அது எங்க வம்சத்துச் சொத்து."

"என் வம்சத்துல எனக்கு மிச்சம் இவ ஒருத்திதான். இவளையே கொடுக்கறேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சபையில் கேட்ட விலையை மறுக்க நோவிட்சாவால் முடியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிர்கோவிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வுகோட்டாவின் கையில் வைத்தார்.

ஸ்டானா வெளியே வந்தாள். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாண்ணா?" என்று காதில் கிசுகிசுத்து, கட்டிக்கொண்டு அழுதாள். அவனுக்கும் அழுகை வந்தது. ஆனால் மனம் லேசாகிவிட்டது. இனி இது அவளோடு அந்த வீட்டுக்குப் போகாது.

கார்கள் கிளம்பின. தோட்டாக்களை எடுத்துவிட உருளையின் மூடியைத் தள்ளினான். திறக்கவில்லை. துப்பாக்கியைக் கீழே போடப் பார்த்தான்.

கை விரியவில்லை.

புகையிலை வாடை அடித்தது. முற்றத்தில் யாரும் புகைக்கவில்லை.

அவன் கை தானாக உயர்ந்தது. குழல் மெதுவாகத் திரும்பி, மலைப்பாதையில் இறங்கும் வெள்ளைக் காரைத் தேடிப் பிடித்தது. பின் சன்னலில் ஸ்டானாவின் முக்காடு தெரிந்தது. அவன் விரல் விசையில் இல்லை. ஆனாலும் விசை பின்னால் நகர்ந்தது. சுத்தி எழுந்தது.

இடது கை ஆள்காட்டி விரலை விசைக்குப் பின்னால் நுழைத்தான்.

இழுத்தது முரட்டுப் பலம். எலும்பு நெரிந்தது. கண் இருண்டது. இன்னும் ஒரு இழுப்புக்குத் தன் விரல் தாங்காது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது அவன் விரலின் மேல் ஒரு கை வந்து படிந்தது. சில்லென்ற, சின்னக் கை. மூன்று விரல்களும் கட்டைவிரலும் அவன் விரலை இறுகப் பற்றித் தாங்கின. மிச்ச விரல் துவண்டு தொங்கி, அவன் புறங்கையில் உரசியது.

கார் வளைவில் மறையும்வரை அந்தக் கை பிடியைத் தளர்த்தவில்லை.