பூனைக்கு நூறு

பூனைக்கு நான்கு என்று எழுதியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. தாளில் மூன்று இருந்தது.

அவன் பிழைப்பே அதுதான்: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வீரனாகவும் மந்திரவாதியாகவும் வேஷம் கட்டிப் பகடை உருட்டி விளையாடுகிறவர்களுக்கு விதிப்புத்தகம் எழுதுவது. எந்தப் பிராணிக்கு எத்தனை உயிர்ப்புள்ளி, எத்தனை போனால் சாகும் என்ற பட்டியலில் இப்போது மாட்டிக்கொண்டு விழித்தான். டிராகனுக்கு இருநூறை வாரிக் கொடுத்தவனுக்குச் சின்ன உயிர்களின் அளவு பிடிபடவில்லை. மாதிரிக்கு வீட்டில் இருந்தவற்றையே பென்சிலால் எழுதினான். பூனை 4, நாய் 9. எட்டிப் பார்த்த மனைவி, "என்னை மட்டும் ஏன் விட்டுட்டீங்க? நானும் இந்த வீட்டு ஜீவன்தானே" என்று சிரித்தாள். அவளுக்குப் பன்னிரண்டு போட்டான்.

பூனை பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்து நாற்காலிக்கடியில் சுருண்டது. மழைக்கு இருண்டுபோன மதியம். சமையலறையில் குழாய்த் தண்ணீர் விழும் ஓசை, காயாத துணியின் வாடை, கூடத்தில் நாயின் மூச்சு, உள்ளறையில் ஆறு வயது மகளின் தூக்கம். மூன்றை அழித்து நான்காக்கினான். பூனை எழுந்து சோம்பல் முறித்தது. கூடத்தில் நாய் ஒருமுறை முனகியது. தாளில் அதன் ஒன்பது எட்டாகியிருந்தது.

பூனைக்குக் கொடுத்த ஒன்று அடுத்த வரியிலிருந்து போயிருக்கிறது. பென்சிலைப் போட்டுவிட்டு நாயிடம் ஓடினான். வாலை ஆட்டியது. நல்லவேளை என்று அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவினான். திடீரென்று அந்தத் தலை கனத்தது. மூச்சு இல்லை.

"ஏங்க..." சமையலறையிலிருந்து மனைவி. "எனக்குத் தலை சுத்துதுங்க."

ஏதோ விழுந்தது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சமையலறைக்கு ஓடவில்லை. தாளிடம் ஓடினான்.

அவன் நாற்காலியில் மகள். கையில் பென்சில். மேசைமேல் பூனை.

"பூனைக்குக் கால் வலிச்சுச்சுல்லப்பா, பாவம். நூறு போட்டுட்டேன்."

நாய் 0. மனைவி 0.

ரப்பர் எங்கே? பூனையின் முன்காலடியில். அது அவனையே பார்த்தது. நகரவில்லை. நூறு நிரம்ப இன்னும் நிறைய வேண்டும்.

கடைசி வரியில், கோணல் எழுத்தில், மகள் தன்னையும் சேர்த்திருந்தாள். பாப்பா 10.

அவன் பார்க்கப் பார்க்க அது ஒன்பதானது.