வெள்ளையை எடுத்த பிறகு

முதல் தடவை பார்த்தபோது கவிப்ரியா அதை அழுக்கு என்றுதான் நினைத்தாள்.

வெங்கட் அங்கிள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது அவருடைய கேட்டரிங் கம்பெனியின் லோகோ. பழைய போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த படம். தொப்பி போட்ட ஒரு மனிதர், அவரேதான், கையில் கரண்டியோடு பெரிய அண்டாவின் பக்கத்தில் நிற்கிறார். கீழே சிவப்பு எழுத்தில் 'வெங்கட் கேட்டரிங்'. பின்னால் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைதான் பிரச்சினை. அவர் புதிதாக வாங்கியிருக்கும் லாரி மஞ்சள் நிறம். இப்படியே ஸ்டிக்கர் அடித்தால் மஞ்சளின் மேல் ஒட்டுப் போட்டது மாதிரி வெள்ளைச் சதுரம் தெரியும். வெள்ளையை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் நிற்க வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை.

டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகைக்கடையின் மாடியில் இருந்தது அந்த டிசைன் கடை. சனிக்கிழமை மதியம் அவள் மட்டும்தான் இருந்தாள். முதலாளி இப்ராஹீம் ஜூரோங்கில் ஏதோ தொழிற்சாலைக்கு போர்டு மாட்டப் போயிருந்தார். மூன்று மணிக்கே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. கீழே கடைகளின் வாசலை ஒட்டி ஓடும் ஐந்தடிப் பாதையில் நனைந்த அட்டைப் பெட்டிகளின் வாசனையும், பக்கத்துப் பூக்கடையின் மல்லிகையும், யாரோ வறுக்கும் மிளகாயின் காரமும் மரப் படிக்கட்டு வழியாக மெல்ல ஏறி வந்து அறைக்குள் தேங்கி நின்றன.

வெள்ளையைத் தேர்ந்தெடுத்து டெலீட் தட்டினாள். வெள்ளை போய், இங்கே ஒன்றும் இல்லை என்பதற்கு அடையாளமாகச் சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னக் கட்டங்கள் வந்தன. ஓர் இடம் மட்டும் போகவில்லை. அந்த மனிதரின் இடது தோளில், பக்கத்தில் பக்கத்தில், வெளிறிய நான்கு கோடுகள்.

பழைய படங்களில் இப்படி மிச்சம் நிற்பது வழக்கம்தான். எரேசரால் தேய்த்துவிட்டு, சேமித்து, சரிபார்ப்பதற்காகத் திரும்பத் திறந்தாள்.

நான்கு கோடுகளும் இருந்தன. கொஞ்சம் நீளமாக.

பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு வளைவு, நகம் மாதிரி. மறுபடி தேய்த்தாள். மறுபடி சேமித்தாள். இந்தத் தடவை திறந்தபோது விரல்களுக்குப் பின்னால் மணிக்கட்டும், மணிக்கட்டில் மூன்று வளையல்களும் வந்திருந்தன.

மிளகாய் வாசனை எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று இருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் தரை துடைத்த கையோடு எழுமே, மூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு போகாத மருந்து நெடி, அது. ஜன்னலிலிருந்து வரவில்லை. படிக்கட்டிலிருந்தும் வரவில்லை. மேசைப் பக்கம்தான் அதிகமாக இருந்தது.

வெங்கட்டுக்கு போன் செய்தாள்.

"அங்கிள், லோகோல உங்க பக்கத்துல வேற யாராவது இருந்தாங்களா?"

அந்தப் பக்கம் லாரி இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"ஏன் கேக்குற?"

"ஒரு கை தெரியுது அங்கிள். அழிச்சா திரும்ப வருது."

"அதான் அப்பவே எடுத்தாச்சே. அஞ்சு வருஷம் ஆச்சு லா." அவர் குரல் உயர்ந்தது. "நான் பக்கத்துல தேக்கா மார்க்கெட்டுல தான் இருக்கேன். பார்க்கிங் போட்டுட்டு வரேன். நீ எதையும் தொடாத."

போனை வைத்த பிறகு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எது மிச்சம் நிற்கிறது என்று பார்க்க அவளுக்கு ஒரு வழி தெரியும். படத்துக்கு அடியில் கறுப்பு லேயர் ஒன்று போட்டால் போதும். கட்டங்களின் மேல் கண்ணுக்குப் படாத வெள்ளைத் துகள்கூடக் கறுப்பில் பளிச்சென்று தெரிந்துவிடும். தினமும் செய்வதுதான். விரல் தானாகப் போய்த் தட்டியது.

திரை கறுத்தது.

ஒரு பெண். முழுசாக.

அண்டாவின் இன்னொரு காதைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மாவு தூவினாற்போல வெளிறிய உருவம். கொண்டை, முழங்கை வரை ஏற்றிவிட்ட ரவிக்கைக் கை, தோளில் விழுந்த புடவைத் தலைப்பு. ஒரு கை அண்டாவில், ஒரு கை அந்த மனிதரின் தோளில். முகத்தை மட்டும் அவர் காதருகே சாய்த்திருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடங்களில் எதுவும் மிச்சம் இல்லை. அங்கே கறுப்பு தெரிந்தது.

கவிப்ரியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. அதற்கு நடுவே வளையல் உரசும் சத்தமும் கேட்டதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

படிகள் கிறீச்சிட்டன. வெங்கட்தான். அறுபது வயதுக்கு மேல், பருத்த உடம்பு. நனைந்த வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சரசு," என்றார்.

"யாரு அங்கிள்?"

"என் தங்கச்சி." முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "பூன் லேல சின்னதா ஒரு கடை போட்டு ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பிச்சோம். கம்பெனி பேருகூட அப்ப 'வெங்கட் சரசு'ன்னுதான். அப்புறம் அவளுக்கு கேன்சர் வந்திருச்சு. முடியெல்லாம் போச்சு. கஸ்டமருங்க சாப்பாட்டு டப்பா மேல அவ படத்த பாத்துட்டு, இந்தம்மாவுக்குத்தானே முடியலன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டு பிசினஸ் இல்லையா? அதான் படத்துலேருந்து எடுக்கச் சொன்னேன்."

"அவங்க போனதுக்கு அப்புறமா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இல்ல. அப்ப ஆஸ்பத்திரில இருந்தா. என் பையன் அவ படம் இல்லாத புது டப்பாவுல அவளுக்கு கஞ்சி கொண்டுபோயிட்டான். டப்பாவ திருப்பித் திருப்பிப் பாத்தாளாம். நான் சாயங்காலம் போனப்ப கேட்டா: 'அண்ணே, என்னைய அழிச்சிட்டியா?' அவ்ளோதான். அப்புறம் எங்கிட்ட பேசவே இல்ல. ரெண்டு வாரத்துல போயிட்டா."

மழை ஜன்னல் கண்ணாடியில் அறைந்தது.

"அங்கிள், இப்படியே விட்டுடலாம். அவங்களையும் சேர்த்தே நான் வரைஞ்சு தரேன். அழகா வரும்."

ஒரு நொடி அவர் முகம் இளகியது. அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு காலைல லாரிக்கு பூஜை மா. எல்லாரும் வருவாங்க. பாத்து பாத்து கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லுவேன்? நகரு."

அவளுடைய நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். கீபோர்டுக்கு மேல் குனிந்தார். எரேசர் எது என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. அவரே தேடிக் கண்டுபிடித்தார்.

புடவைத் தலைப்பிலிருந்து தொடங்கினார். தடித்த விரல்கள் மவுஸின் மேல் கனமாக நகர்ந்தன. தலைப்பு போனது. இடுப்பு போனது. அண்டாவைப் பிடித்திருந்த கை போனது. அழிக்க அழிக்க அந்த நெடி ஏறியது. கவிப்ரியா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள். அவருக்கு நெடி தெரிந்ததாகவே படவில்லை.

கொண்டை. நெற்றி. திறந்த வாய்.

வாயை அழிக்கும்போது மட்டும் நின்றார். மூச்சு வாங்கினார். பிறகு ஒரே இழுப்பில் தேய்த்தார்.

இப்போது கை மட்டும். தோளில் நான்கு விரல்கள்.

"இது எனக்கு புடிச்ச போட்டோ," என்றார், யாரிடமோ. "கடை தொறந்த அன்னிக்கு எடுத்தது."

தேய்த்தார். ஒரு விரல். இரண்டு. மூன்று. நான்கு.

கறுப்பு. சுத்தமான கறுப்பு. அதன் நடுவில் தொப்பி போட்ட மனிதர் தனியாக.

சேமித்தார். மூடினார். அவள் சொல்லாமலே திரும்பத் திறந்தார். ஒன்றும் இல்லை. மறுபடி மூடித் திறந்தார். ஒன்றும் இல்லை.

மருந்து நெடி சட்டென்று நின்றது. அறையில் மழையின் வாசனை மட்டும்.

"போயிட்டா பாரு," என்றார். சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "கிளீன் லா. இத அனுப்பிடு மா."

கவிப்ரியா திரையைப் பார்க்கவில்லை.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நனைந்த சட்டை. இடது தோள். அங்கே துணி அமுங்கியிருந்தது. பக்கத்தில் பக்கத்தில், நான்கு பள்ளங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நீர் பிழிபட்டு முதுகில் இறங்கியது.

"அங்கிள்."

"அந்த ஏர்கான கொஞ்சம் கொறை மா. காதுகிட்ட ஜில்லுன்னு அடிக்குது."

ஏர்கான் போடவில்லை.

அவர் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது, யாரோ சொல்வதைக் கேட்கிறவர் மாதிரி. சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. மவுஸிலிருந்து கை நழுவி மடியில் விழுந்தது.

சட்டைக் காலருக்கு மேலே, கழுத்துச் சதையில், ஐந்தாவது பள்ளம் விழுந்தது.

கட்டைவிரல். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது.