மாவுக்குக் காய்ச்சல்

“அக்கா! மாவுக்குக் காய்ச்சல்!”

ரூபன் போட்ட சத்தத்தில் மதிவதனி துணி மடிப்பதை விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் கையில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். அதன் முனையில் இட்லி மாவு ஒட்டியிருந்தது.

“அடப்பாவி! அதை எங்கடா விட்டே?”

“கிண்ணத்துல கொஞ்சம் எடுத்துத்தான் பாத்தேன். முப்பத்தேழு!”

ரூபனுக்கு ஏழு வயது. கோடை விடுமுறை விட்டதிலிருந்து அவன்தான் வீட்டு டாக்டர். முந்தின நாள்தான் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குக் காய்ச்சல் பார்த்துக் கடி வாங்காமல் தப்பி வந்திருந்தான். அதனால் மாவுக் காய்ச்சலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மறுநாள் காலையில் சிரிப்பு நின்றுபோனது.

பீளமேட்டில் இவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண்கள் விடுதி இருக்கிறது. அதற்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுப்பது அம்மாதான். விடுதிச் சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் பங்காரம்மா, அன்று மாவுத் தூக்கோடு வாசலில் வந்து நின்றார்.

“ஏனுங்க அம்மணி, இன்னைக்கும் புளிச்சுப்போச்சு. புள்ளைங்க தட்டை அப்படியே வச்சுட்டு எந்திருச்சுப் போயிருதுங்க. நாளைக்கும் இப்படின்னா, நான் வேற ஆளைத்தான் பாக்கோணும்.”

“ரெண்டு லிட்டர் ஐஸ் தண்ணி ஊத்தித்தானுங்க்கா ஆட்டுனேன்!” என்றாள் அம்மா.

பங்காரம்மா போனபிறகு அம்மா காபிகூடக் குடிக்கவில்லை. அப்போதுதான் மதிவதனிக்கு ரூபன் பார்த்த ‘காய்ச்சல்’ நினைவுக்கு வந்தது; மாவு சூடாக இருந்தால் சீக்கிரம் புளித்துவிடும்.

‘ஐஸ் தண்ணி ஊற்றிய மாவு எப்படி முப்பத்தேழு டிகிரி இருக்கும்? அந்தக் குளிர்ச்சி எங்கே போனது?’

பகல் முழுவதும் யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று மணிக்குத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள். ஏதோ ஒன்றின் மேல் கால் பட்டுச் சுரீரென்று சுட்டது.

“ஆத்தாடி!”

ஒற்றைக் காலில் குதித்தாள். கீழே பார்த்தால் கிரைண்டர் குழவி! பதினைந்து கிலோ கருங்கல். அம்மா தினமும் அதைத் தேய்த்துக் கழுவி, வாடை போக வெயிலில் காயவைப்பாள். காய்ந்ததும் நேராகக் கிரைண்டருக்குள் இறக்கி ஆட்டத் தொடங்குவாள்.

மதிவதனிக்குப் பளிச்சென்று புரிந்தது. ஆனால் அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அந்தத் தெருவிலேயே இவ்வளவு சுத்தமாகக் கல்லைக் கழுவுகிறவர்கள் கிடையாது. அம்மாவுக்கு அதில் அத்தனை பெருமை. ஏற்கெனவே வாடிப்போயிருக்கிறவளிடம் போய், ‘உங்களாலதான்’ என்று சொல்லலாமா?

“அம்மா, ஒரு சோதனை செஞ்சு பாக்கட்டுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

பெரிய டப்பில் பன்னிரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீர் பிடித்தாள். ரூபன் தெர்மாமீட்டரை விட்டான். எண்ணே வரவில்லை. ‘Lo’ என்று காட்டியது.

“முப்பத்திரண்டுக்குக் கீழே இருந்தா அப்படித்தான் காட்டும். இந்தத் தண்ணி ஒரு இருபத்தெட்டு இருக்கும்” என்றாள் மதிவதனி.

அம்மா குழவியைத் தூக்கி வந்து டப்பில் இறக்கினாள். அரை மணி நேரம் மூவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரூபன் நிமிடத்துக்கு ஒருமுறை, “ஆச்சா?” என்றான்.

ஒருவழியாகத் தெர்மாமீட்டரை மறுபடியும் விட்டார்கள். முப்பத்து மூன்று!

“அடுப்பு இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி எப்படிக் கண்ணு சூடாச்சு?” அம்மா குனிந்து பார்த்தாள்.

“சூடா இருக்கிறது குடுக்கும், குளுந்திருக்கிறது வாங்கும். ரெண்டும் ஒரே சூட்டுக்கு வர்ற வரைக்கும் இது நடக்கும்மா.” மதிவதனி சாக்பீஸால் தரையில் எழுதினாள். “ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்துற சூட்டை ஒரு பங்குன்னு வச்சுக்குவோம். பன்னெண்டு லிட்டர் அஞ்சு டிகிரி ஏறியிருக்குது. அப்போ கல்லு குடுத்தது அறுபது பங்கு.”

“சரி.”

“ஒரு கிலோ தண்ணியை ஒரு டிகிரி ஏத்த ஒரு பங்கு வேணும். கல்லுக்கு அதுல அஞ்சுல ஒண்ணு போதும். பதினஞ்சு கிலோ கல்லு, சூட்டுக் கணக்குல மூணு கிலோ தண்ணி மாதிரிதான். அறுபதை மூணால வகுத்தா இருபது. கல்லு இருபது டிகிரி இறங்கித்தான் முப்பத்து மூணுக்கு வந்திருக்குது. அப்போ மாடியில அது ஐம்பத்து மூணு!”

“ஐயையோ!” என்றான் ரூபன். “அதுக்குத்தான் நெசக் காய்ச்சல்!”

அம்மா கணக்கின் மேல் விரலை ஓட்டினாள். “அப்போ நான் ஊத்துன ஐஸ் தண்ணி?”

“அஞ்சு டிகிரியில இருந்து முப்பது வரைக்கும் ஏறினாலும், ரெண்டு லிட்டர் ஐம்பது பங்குதானுங்கம்மா வாங்கும். அத்தனையும் கல்லே குடிச்சுபோட்டுது. மாவுக்கு ஒண்ணும் மிச்சமில்ல.”

அம்மாவின் முகம் சுருங்கியது. மதிவதனி அவசரமாகச் சொன்னாள். “நீங்க கழுவுறதும் காயவைக்கிறதும் சரிதானுங்கம்மா. அதுனாலதான் நம்ம மாவுல வாடையே இல்ல. ஆட்டுறதுக்கு முன்னால கல்லை மட்டும் குளிக்க வச்சிரலாம்.”

அம்மா மகளையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “கல்லுக்குக் குளியலா! செஞ்சுபோடலாம் அம்மணி!”

டப்புத் தண்ணீரை மாற்றிக் குழவியை இன்னொரு முறை குளிர வைத்தார்கள். பிறகுதான் கிரைண்டர் ஓடியது. ஆட்டி முடித்ததும் டாக்டர் ரூபன் ஒரு கிண்ணம் மாவை எடுத்துச் சோதித்தான்.

“Lo! காய்ச்சல் போயிருச்சு!”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் பங்காரம்மாவின் குரல் கேட்டது. கையில் அதே தூக்கு. அம்மா மதிவதனியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பங்காரம்மா தூக்கைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை.

“வழிச்சு ஊத்தியும் பத்தலைங்க! எனக்கே ரெண்டு இட்லிதான் கெடச்சுது. நாளைக்குக் கொஞ்சம் சேத்தி ஆட்டிப்போடுங்க அம்மணி. அப்படி என்னதான் செஞ்சீங்க?”

“கல்லைக் குளிப்பாட்டுனேனுங்க்கா” என்றாள் அம்மா.

பங்காரம்மா ஒன்றும் புரியாமல் விழித்தார். மதிவதனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று மதியம் குழவியை டப்பில் இறக்கிவிட்டு, அம்மா இடுப்பில் கை வைத்தபடி திரும்பினாள்.

“கல்லே தினமும் குளிக்குது. டாக்டர் சாமி, நீங்க எப்போ குளிக்கப் போறீங்க?”

டாக்டரை எங்கேயும் காணவில்லை.