அம்மாவுக்கு ழ வராது

அந்த வீட்டு அம்மாவுக்கு ழ வராது. மழை அவள் வாயில் மளை. பழம், பளம். நாக்கை எப்படி மடக்கினாலும் அது வழுக்கிக்கொண்டு போய் ள-வில்தான் விழும். அப்படிப்பட்டவள் தன் பிள்ளைகளுக்கு என்ன செல்லப்பெயர் வைத்தாள் தெரியுமா? மூத்தவளுக்குக் கிழவி. இளையவனுக்கு மொழுக்கு.

மூத்தவள் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே பெரிய மனுஷி மாதிரி எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதனால் கிழவி. தம்பி பிறந்தபோதே கொழுக்கு மொழுக்கென்று இருந்தான். அதனால் மொழுக்கு. அம்மா கூப்பிடும்போது மட்டும் அது கெளவி, மொளுக்கு என்றுதான் வரும். ழ வராத வாய்க்கு வீடு முழுக்க ழ-வாகப் பெயர் வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ என்று அப்பா கிண்டல் செய்வார்.

கிழவிக்கு அது கிண்டலாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடத்தைச் சத்தமாக வாசிக்க ஆசிரியை முதலில் கூப்பிடுவது அவளைத்தான். தோழிகள் முன்னால் அம்மா கெளவி என்று கூப்பிட்டுவிட்டால் அவளுக்குக் காது சுட்டுவிடும். நாக்கை மேலே மடித்துச் சொல்லும்மா என்று பாடம் எடுப்பாள். அம்மாவும் சளைக்காமல் வாயைக் கோணிக்கொண்டு முயன்று பார்த்துவிட்டுச் சிரித்துவிடுவாள்.

அம்மா பஸ் ஓட்டுபவள். கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியதும் போனை எடுத்து வீட்டுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவாள். எழுத்தெழுத்தாகத் தட்ட அவளுக்குப் பொறுமை கிடையாது. கிழவி சாவியை எங்கே வைத்தாள், குழாயை மூடினாளா, தம்பி தூங்கினானா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசி அனுப்பிவிடுவாள். பின்னணியில் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும்.

பிறகு அம்மாவின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். எடுத்துவிட்டார்கள். அம்மா பிழைத்துக்கொண்டாள், குரல் போய்விட்டது. மூச்சு விடுவதற்காகக் கழுத்தின் நடுவில் சின்னதாக ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். அதன்மேல் எப்போதும் ஒரு மெல்லிய துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அம்மா மருத்துவமனையில் இருந்தபோது தம்பியைச் சித்தி தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அப்பா கிழவியைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார். குரல் போனவர்களுக்குக் குரல் செய்து கொடுக்க அங்கே முயற்சி நடப்பதாக டாக்டர்தான் சொல்லியிருந்தார்.

சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டிய அந்த அறையில் ஓர் அக்கா இருந்தாள். எந்நேரமும் கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருப்பாள். கிழவி அவளுக்கு உடனே குரல் அக்கா என்று பெயர் வைத்துவிட்டாள்.

ஆயிரக்கணக்கானவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு கணினி ஏற்கனவே பேசக் கற்றிருக்கிறதாம். இனி அம்மாவின் பழைய பேச்சைக் கொஞ்சம் கேட்டால் போதும், அம்மாவைப் போலவே பேசுமாம். அம்மா டேப்லெட்டில் எழுதினால் அது அம்மா குரலில் வாசிக்கும். கடையில் வாங்குகிற சாமான் இல்லை இது, இன்னும் சோதித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று குரல் அக்கா சொன்னாள்.

அம்மாவின் குரல் பதிவுகளைத் துண்டு துண்டாக வெட்டிக் கணினியில் போட்டிருந்தார்கள். எஞ்சின் சத்தத்தில் அமுங்கிப்போனது, பாதியில் அறுந்தது, இப்படிக் கெட்டுப்போனதையெல்லாம் "வேண்டாம்" என்ற பெட்டியில் தள்ளிவிட வேண்டும். அம்மா பேச்சு உனக்குத்தானே நன்றாகப் புரியும் என்று அந்த வேலையை அக்கா கிழவியிடம் கொடுத்தாள்.

கிழவி கண்ணும் கருத்துமாகச் செய்தாள். எஞ்சின் உறுமியதைத் தள்ளினாள். அறுந்ததைத் தள்ளினாள். ழ சறுக்கியதையும் சத்தமில்லாமல் தள்ளினாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அம்மாவுக்கு எவ்வளவோ போய்விட்டது, புதுக் குரலிலாவது ழ ஒழுங்காக வரட்டும், இனி யாரும் சிரிக்க வேண்டாம் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அம்மாவுக்குப் பரிசு கொடுப்பது போல அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அம்மா வீட்டுக்கு வந்த சில நாளில் டேப்லெட்டும் வந்தது. அன்றைக்கே சித்தி தம்பியைக் கொண்டுவந்து விட்டாள்.

உள்ளே வந்தவன் அம்மாவின் கழுத்துத் துணியைப் பார்த்தான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அம்மா அவசர அவசரமாக டேப்லெட்டில் தட்டினாள்.

"மொழுக்கு, அம்மாகிட்ட வா."

குரல் அம்மாவின் குரல் மாதிரிதான் இருந்தது. ழ அழகாக, உருண்டையாக வந்தது. அம்மாவே புருவத்தைத் தூக்கிக் கிழவியைப் பார்த்துச் சிரித்தாள். தம்பி டேப்லெட்டைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

"அங்க ஏன்டா உக்காந்திருக்க?" என்று அப்பா கேட்டார்.

"அம்மா பஸ் ஓட்டப் போயிருக்கு. வரும்" என்றான் தம்பி.

அம்மா பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைக் கிழவியால் பார்க்க முடியவில்லை.

அடுத்தடுத்த நாளும் இதே கதைதான். அம்மா கூப்பிடுவாள், அவன் வாசலுக்குப் போவான். அவள் ஊட்டினால் சாப்பிடுவான், குளிப்பாட்டினால் குளிப்பான், ஆனால் வந்து தங்கியிருக்கும் யாரோ ஓர் அத்தையிடம் நடந்துகொள்வது போல நடந்துகொண்டான். கொஞ்ச நாள் போனால் பழகிவிடும் என்று அப்பா சமாதானம் சொன்னார். அம்மா டேப்லெட்டை எடுத்து ஃபிரிட்ஜுக்கு மேலே கவிழ்த்து வைத்துவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் கிழவியின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டினாள். தம்பிக்குத்தான் எழுத்தே தெரியாதே. அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மா விழுங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த கிழவி நாற்காலி போட்டு ஏறி அந்த டேப்லெட்டை எடுத்தாள். என்னதான் கோளாறு என்று பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு. அம்மா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தம்பி தரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"சாவி எங்க?" என்று எழுதினாள். டேப்லெட் பேசியது. தம்பி சடக்கென்று தலையைத் தூக்கினான்.

"குழாய மூடு" என்று எழுதினாள். தம்பி தலையைக் குனிந்து மறுபடி காரைத் தள்ள ஆரம்பித்தான்.

"தண்ணி குடிச்சியா?" தம்பி எழுந்தே நின்றுவிட்டான்.

கடைசியாக, "கிழவி" என்று எழுதினாள். கிழவி, என்று டேப்லெட் கூப்பிட்டது. அதில் தப்பே இல்லை. வானொலியில் செய்தி வாசிக்கிற யாரோ ஒரு பெண் அவளைக் கூப்பிட்டது போல இருந்தது. என்ன செய்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மாடிக்கு ஓடினாள். எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டிவிட்டாள். ழ வராத துண்டுகளை வேண்டாம் என்று தள்ளியது தான்தான் என்று சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிட்டது. அம்மாவைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் பேச்சு தனக்கு வெட்கமாக இருந்தது என்று அம்மாவுக்கு இப்போது தெரிந்துபோகும்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். இடுப்பில் செருகியிருந்த சிலேட்டை எடுத்து எழுதினாள். "ழ நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அது நீ இல்லம்மா."

அம்மா சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழித்தாள். பிறகு கிழவியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கழுத்துத் துவாரத்தில் மூச்சு போய்ப் போய் வருவது கிழவியின் காதுக்குக் கேட்டது.

விடுமுறை நாளில் அப்பாவுடன் போய்க் குரல் அக்காவிடமும் சொன்னாள். திட்டு விழும் என்று தயாராகத்தான் போயிருந்தாள். குரல் அக்கா திட்டவில்லை. வேண்டாம் பெட்டி முழுக்க எஞ்சின் சத்தம்தான் இருக்கும் என்று நினைத்துத் தானும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

"உங்க அம்மா ழ சொல்ற மாதிரி ஒரு துண்டுகூட கம்ப்யூட்டருக்குக் கிடைக்கல. அதனால மத்தவங்க சொல்ற ழ-வ எடுத்துப் போட்டிருக்கு" என்றாள்.

"அப்ப ஒவ்வொரு தடவையும் எங்களக் கூப்பிட்டது வேற யாரோவா?"

குரல் அக்கா ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டிவிட்டாள். வேண்டாம் பெட்டியைத் திறந்தாள்.

கெளவி, சாப்பிட்டியா. கெளவி, தம்பிய அடிக்காத. மொளுக்கு தூங்கிட்டானா. மளை வருது, துணிய எடு கெளவி. மொளுக்கு, அம்மா வந்துட்டே இருக்கேன்டா.

கிழவி ஒவ்வொன்றாகக் கேட்டாள். மற்ற பெட்டியில் இருந்ததெல்லாம் சாவியும் தண்ணியும்தான். அம்மா அவர்கள் இரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது அத்தனையும் வேண்டாம் பெட்டியில் கிடந்தது. அவளேதான் அங்கே தள்ளியிருந்தாள்.

ஒரு பதிவில் எஞ்சின் சத்தமே இல்லை. ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவதற்குச் சற்று முன்னால் அம்மா மருத்துவமனையிலிருந்து அனுப்பியது. "கெளவி, பயப்படாத. மொளுக்க சித்திகிட்ட சமத்தா இருக்கச் சொல்லு. அம்மா வந்து பேசுறேன்."

கிழவி ஹெட்போனைக் கழற்றாமலே அழுதாள். அப்பா வந்து தோளில் கை வைத்தார். அவரும் ஒரு காதில் வைத்துக் கேட்டார். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அழுது முடித்ததும் கிழவி வேலையை ஆரம்பித்தாள். எஞ்சின் விழுங்கியதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் வேண்டாம் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தாள். எத்தனை தப்பாக இருந்தாலும் பரவாயில்லையா என்று குரல் அக்கா ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டாள். தப்பாக இருக்கிறதுதான் வேண்டும் என்று கிழவி சொல்லிவிட்டாள்.

கணினி மறுபடி கற்றுக்கொண்டு முடிக்கச் சில வாரம் ஆனது. புதுக் குரலை டேப்லெட்டில் ஏற்றி அப்பா கொண்டுவந்து கொடுத்தபோது அம்மா அதைத் தொடவே தயங்கினாள். மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுபடியும் பிள்ளை வாசலுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். கிழவிக்கும் அதே பயம்தான்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி குளித்துவிட்டு வெற்று உடம்போடு கூடத்தில் ஓடிவந்தான். பின்னாலேயே அப்பா சட்டையோடு துரத்தி வந்தார். அம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. யோசிக்காமல் தட்டிவிட்டாள்.

"மொளுக்கு, சட்டைய மாட்டு."

"மாட்டேன்" என்றான் தம்பி, ஓடிக்கொண்டே.

ஓடியவன் சுவரோரம் போய் நின்றுவிட்டான். மெதுவாகத் திரும்பினான். டேப்லெட்டை அவன் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தான். ஒவ்வோர் அடியாக நடந்து வந்து அவள் முழங்காலில் கை வைத்தான்.

"அம்மா, நீ எப்ப வந்த?"

அம்மா தட்டினாள். எழுத்து மாறி மாறி விழுந்தது. அழித்து அழித்து எழுதினாள்.

"இப்பத்தான்டா வந்தேன்" என்றது அம்மாவின் குரல்.

அவன் மடியில் ஏறிக்கொண்டான். கழுத்துத் துணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். வலிக்கிறதா என்று கேட்டான். அம்மா இல்லையென்று தலையை ஆட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குச் சத்தம் இல்லை. அதற்கு எந்தக் கணினியிலும் ஒன்றும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை என்று கிழவிக்குத் தெரியும். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கெளவி, எதுக்கு அளுவுற?"

கிழவி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எங்க அளுதேன்மா?" என்றாள்.